அரிசிக்கு வரி இல்லை, சுடச்சுட ரோல்ஸுக்கு உண்டு: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 கார்த்திகையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் ஸ்காபரோவில் வந்து இறங்கிய நாலாம் நாள், கையில் ஒரே ஒரு இருபது டொலர்த் தாளோடு மளிகைக் கடைக்குப் போனேன். தட்டில் ஒட்டியிருந்த விலைகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டே சாமான் எடுத்தேன். 19 டொலர் 60 சதம் வந்தது. நாற்பது சதம் மிச்சம் வரும் என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றால், காசாளர் 20 டொலர் 77 சதம் என்றார். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். சிப்ஸ் பைக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன்.

பிறகு அதே மாதிரி ஒரு கடையில் ஆறு வருடம் காசாளராக நின்றேன். புதிதாக வந்த எத்தனையோ பேர் அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வரிசையில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஊரில் நாங்கள் பழகியது வேறு. இந்தியாவில் பைக்கற்றில் அச்சடித்த அதிகபட்ச விலைக்குள் வரி அடக்கம். இலங்கையிலும் கடையில் சொல்லும் விலையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கனடாவில் தட்டில் எழுதியிருப்பது வரி சேராத விலை. வரி கல்லாவில்தான் சேரும். பெற்றோல் நிலையத்தில் என்றால் பலகையில் போட்ட விலைக்குள் வரி எல்லாம் அடங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மற்றக் கடைகளும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று எண்களை மனதில் வையுங்கள்

ஒன்ராறியோவில் சாப்பாட்டுச் சாமானுக்கு மூன்று விதமான கணக்கு உண்டு: 13 வீதம், 5 வீதம், பூச்சியம்.

13 வீதம் என்பது எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி. அதற்குள் இரண்டு பங்கு இருக்கிறது. 5 வீதம் மத்திய அரசுக்கு, 8 வீதம் மாகாணத்துக்கு. மத்திய அரசின் பங்கான ஜி.எஸ்.ரி 1991 ஜனவரி 1 அன்று 7 வீதமாகத் தொடங்கி, 2008 ஜனவரியில் 5 வீதத்துக்கு இறங்கியது. ஒன்ராறியோ தன் 8 வீத வரியை அதோடு சேர்த்து ஒன்றாக வாங்கத் தொடங்கியது 2010 ஜூலை 1 முதல். இந்த இரண்டு பங்கையும் மறக்க வேண்டாம். நடுவில் இருக்கும் 5 வீதக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது இதை வைத்துத்தான் புரியும்: சில சாமான்களுக்கு மாகாணம் தன் 8 வீதத்தைக் கல்லாவிலேயே விட்டுக்கொடுக்கிறது, மத்திய அரசின் 5 மட்டும் மிஞ்சுகிறது.

பூச்சியம் என்பது அடிப்படை உணவுப் பொருட்களுக்கு. சமைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமான் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

வேறு மாகாணத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அல்பேர்ட்டாவில் 5 வீதம் மட்டும்தான். நோவா ஸ்கோஷியாவில் 2025 ஏப்ரலில் இருந்து 14. கியூபெக்கில் ஜி.எஸ்.ரியோடு அவர்களுடைய 9.975 வீதம் தனியாக வரும். பூச்சிய வீதப் பட்டியல் மத்திய அரசுச் சட்டத்தில் இருப்பதால் ஜி.எஸ்.ரி, எச்.எஸ்.ரிக்கு அந்தப் பட்டியல் நாடு முழுக்க ஒன்றுதான். கீழே சொல்லப்போகும் நாலு டொலர் விதி ஒன்ராறியோவுக்கு உரியது.

பற்றுச்சீட்டில் இருந்து தொடங்குங்கள்

சட்டத்தைப் படிப்பதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் பற்றுச்சீட்டைப் படியுங்கள். அடுத்த முறை கடைக்குப் போய் வந்ததும் அதைக் கசக்கி எறியாமல் மேசையில் விரித்து வையுங்கள். பல கடைகளில் வரி போட்ட சாமானின் விலைக்குப் பக்கத்தில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வரி இல்லாததற்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, அல்லது வேறு எழுத்து இருக்கும். கடைக்குக் கடை குறி மாறும், ஆனால் ஏதோ ஒரு குறி இருக்கும். அடியில் கூட்டுத்தொகை, அதன்கீழ் எச்.எஸ்.ரி, அதன்கீழ் மொத்தம்.

இப்படி ஒரு பற்றுச்சீட்டை வைத்துப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

அரிசி மூட்டை 22.99, மைசூர்ப் பருப்பு 6.49, நாலு லீற்றர் பால் 6.00. இந்த மூன்றுக்கும் வரி இல்லை. கூட்டினால் 35.48. உப்புக் கச்சான் 3.49, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் 3.99, சிப்ஸ் 4.50, சூட்டுப் பெட்டியில் இருந்து எடுத்த சுட்ட முழுக்கோழி 10.99. இந்த நாலும் 13 வீதத்துக்குள் வரும். கூட்டினால் 22.97, வரி 2.99. எல்லாம் சேர்ந்து 61.44.

அட்டையில் கட்டினால் 61.44 தான் போகும். காசாகக் கட்டினால் 61.45 கேட்பார்கள். கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சத நாணயத்தை நிறுத்திவிட்டது, அதனால் காசுக்கு மட்டும் கடைசித் தொகையைப் பக்கத்தில் இருக்கும் ஐந்து சதத்துக்குச் சரிசெய்வார்கள். வரியைச் சேர்த்த பிறகுதான் இந்தச் சரிசெய்தல். சிலநேரம் ஒரு சதம் உங்களுக்கு, சிலநேரம் கடைக்கு. காசாளர் ஏமாற்றுகிறார் என்று என்னிடமே சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வரி இல்லாத பக்கம்

இது சுலபம். அரிசி, மா, பருப்பு வகை, மரக்கறி, பழம், இறைச்சி, மீன், முட்டை, பால், எண்ணெய், நெய், சீனி, உப்பு, மிளகாய்த்தூள், சீரகம், பெருஞ்சீரகம், தேயிலை, கோப்பித்தூள், பாண், குழந்தைப் பால்மா. உறையவைத்த மீனும் மரக்கறியும் துருவிய தேங்காயும் இதற்குள்தான். உறையவைத்த பீட்சாவுக்கும் வரி இல்லை. நாங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு இந்தப் பட்டியல் மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாராந்தச் சாமானில் வரி மிகக் குறைவாக இருப்பதைக் கல்லாவில் நின்று நாளாந்தம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மளிகைக் கடையில் வாங்குவது எல்லாம் உணவு இல்லை. சவர்க்காரம், ஷாம்பு, பற்பசை, கடதாசித் துண்டு, வற்றமின் குளிசை, நாய்ச் சாப்பாடு, சாமான் போடும் பை எல்லாவற்றுக்கும் 13 வீதம். குழந்தைகளின் டயப்பர், உடுப்பு, புத்தகம் ஆகியவற்றுக்கு மாகாணப் பங்கு இல்லை, 5 மட்டும். பெண்களுக்கான மாதவிடாய்ப் பொருட்களுக்கு 2015 ஜூலையில் இருந்து வரியே இல்லை.

உணவாக இருந்தும் வரி விழும் இடங்கள்

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். கனடாச் சட்டம் "இது சாப்பாடா" என்பதோடு நிற்பதில்லை. எந்த உருவத்தில் இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, சூடாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறது. அடிப்படையில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துச் சாப்பிடுவதற்கு வரி வேண்டாம். அந்த இடத்திலேயே கொறிப்பதற்கும் குடிப்பதற்கும் வாங்கினால் வரி. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விதி தானாக விளங்கும்.

கொறிக்கும் சாமானுக்கு எப்போதும் 13 வீதம். உருளைக்கிழங்கு சிப்ஸ், பொரித்த சோளம், சொக்லேட், இனிப்பு, சுவிங்கம், சோடா. எங்கள் கடைகளில் தொங்கும் மிக்சர் பைக்கற்றும் இதில் சேரும், ஏனென்றால் தானியம், கடலை, விதை என்று பலதைக் கலந்து செய்த கொறிபண்டத்தைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. கச்சானும் கஜுவும் உப்புப் போட்டதாக இருந்தால் வரி, உப்பில்லாமல் வெறுமனே இருந்தால் இல்லை. தேனோ சீனிப்பாகோ பூசினால் திரும்பவும் வரி. பாயாசத்துக்கும் பொங்கலுக்கும் கஜு வாங்கும்போது உப்பில்லாத பைக்கற்றை எடுங்கள். சமையலுக்கும் அதுதான் நல்லது.

தண்ணீருக்கும் பழச்சாற்றுக்கும் அளவு முக்கியம். 600 மில்லிலீற்றருக்குக் குறைந்த ஒற்றைப் போத்தலாக எடுத்தால் வரி. பெரிய போத்தலுக்கு இல்லை. சிறிய போத்தல்கள் பலவற்றைத் தயாரித்தவரே ஒரே கட்டாகக் கட்டி விற்றால் அதற்கும் இல்லை. பழச்சாற்றில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: இயற்கைச் சாறு 25 வீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்தாலும் அது பழச்சுவை போட்ட பானம்தான், வரி உண்டு. பெட்டியின் பக்கத்தில் சாறு எத்தனை வீதம் என்று எழுதியிருக்கும், பாருங்கள். சுவை சேர்க்காத பாலுக்கு எந்த அளவிலும் வரி இல்லை.

என் கல்லாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு அம்மா வருவார். கோயிலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கென்று அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்களைத் தட்டில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பத்துப் பன்னிரண்டு கொண்டுவருவார். ஒவ்வொன்றுக்கும் 13 வீதம் விழுந்தது. "அம்மா, அதே போத்தல் 24 அடங்கிய கட்டு அங்கே கீழே இருக்கு, அதுக்கு வரி இல்லை, விலையும் மலிவு" என்று ஒருநாள் சொன்னேன். அடுத்த கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டாகவே தூக்கிப் போனார். பன்னிரண்டு தனிப் போத்தலைக் கூடைக்குள் சேர்த்துவிட்டால் அது கட்டு ஆகாது. தயாரித்தவர் கட்டியிருக்க வேண்டும்.

ஐஸ்கிரீமும் அப்படித்தான். 500 மில்லிலீற்றரும் அதற்கு மேலும் உள்ள வாளிக்கு வரி இல்லை. குச்சி ஐஸ்கிரீமுக்கும் கோப்பை ஐஸ்கிரீமுக்கும் உண்டு.

ஆறாவது டோனட்

பேக்கரிச் சாமானுக்கு எண்ணிக்கைதான் கணக்கு. டோனட், மஃபின், இனிப்புப் பூசிய பேஸ்ரி, கேக் துண்டு போன்றவற்றை ஒற்றையாக ஐந்து வரை வாங்கினால் வரி. ஆறும் அதற்கு மேலும் ஒரே தடவையில் வாங்கினால் வரி இல்லை. தண்ணீர்ப் போத்தலைப் போல் இங்கே தயாரித்தவர் கட்ட வேண்டியதில்லை. நீங்களே கண்ணாடிப் பெட்டியில் இருந்து விதவிதமாக ஆறு தெரிவு செய்தாலும் போதும். நாலு டோனட், இரண்டு மஃபின் என்று கலந்தாலும் ஆறு ஆறுதான். டோனட் கடையிலும் இதே விதி.

கணக்குப் பார்த்தால் இப்படி வரும். ஒன்று 1.80 என்று வையுங்கள். ஐந்து எடுத்தால் 9.00, வரி 1.17, மொத்தம் 10.17. ஆறு எடுத்தால் 10.80, வரி இல்லை. ஆறாவது டோனட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 63 சதம்தான். அலுவலகத்துக்கோ பிள்ளையின் வகுப்புக்கோ வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். தேவையில்லாத இனிப்பை வரிக்காக வாங்கச் சொல்லவில்லை. ஐந்து வாங்குவது என்று முடிவு செய்த பிறகு ஆறையும் ஒருமுறை யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு முழுக் கேக்குக்கு வரி இல்லை. 230 கிராமுக்குக் குறைந்ததைத்தான் ஒருவருக்கான பங்கு என்று எடுப்பார்கள். பிறந்தநாள் கேக் அதைவிடப் பெரியது, ஒன்றே ஒன்று வாங்கினாலும் வரி விழாது. பாண், இனிப்பில்லாத பேகல், வெறும் குரோசான் ஒன்று வாங்கினாலும் வரி இல்லை. அதே பேகலுக்குள் முட்டையோ சீஸோ வைத்துக் கொடுத்தால் அது சாண்ட்விச், வரி உண்டு.

சமைத்த சாப்பாடு

அடுத்து, ஆயத்தமாக இருக்கும் சாப்பாடு. மளிகைக் கடைக்குள்ளேயே இது பல உருவத்தில் இருக்கும், எல்லாவற்றுக்கும் வரி உண்டு: சாப்பிடுவதற்காகச் சூடாக்கி வைத்த எதுவும், குளிரூட்டியில் இருக்கும் சாண்ட்விச், டின்னில் அடைக்காத சாலட், வெட்டிக் கலந்து வைத்த பழ சாலட், விருந்துக்குத் தட்டில் அடுக்கிய சீஸும் இறைச்சியும் மரக்கறியும். சூட்டுப் பெட்டியில் இருக்கும் முழுக்கோழிக்கு 13 வீதம் போட்டதை மேலே பார்த்தீர்கள். அதே கோழியை ஆறவைத்து, குளிரூட்டியில் வைத்து விற்கும் கடைகளும் உண்டு. குளிராக வாங்கினால் வரி இல்லை. வீட்டில் எப்படியும் கறிக்கோ பிரியாணிக்கோ பிய்த்துப் போடப்போகிறீர்கள் என்றால் குளிர்க்கோழியே போதும்.

உணவகத்திலும் சாப்பாட்டை எடுத்துப் போகும் கடையிலும் எதிர்ப்பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு இடத்தின் உணவு விற்பனை முழுதுமோ ஏறக்குறைய முழுதுமோ வரி உள்ள சாப்பாடாக இருந்தால், அங்கே விற்கும் குளிர்ந்த சாப்பாட்டுக்கும் வரி விழும். இருந்து சாப்பிட்டாலும் பார்சல் எடுத்தாலும் வித்தியாசம் இல்லை. பார்சலுக்கு வரி இல்லை என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பி வந்த பலரைக் கண்டிருக்கிறேன். அது பிழை. உடனே சாப்பிட முடியாத விதத்தில் இருந்தால்தான் விலக்கு. உறையவைத்த ரோல்ஸ் பெட்டியை அதே உணவகத்தில் வாங்கி, வீட்டில் பொரிக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு வரி போடக்கூடாது. அங்கேயே இருந்து சாப்பிடாமல் எடுத்துப் போனால், ஆறு டோனட் விதியும் உணவகத்தில் செல்லும்.

இதனால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு வரலாம். மளிகைக் கடைக் குளிரூட்டியில் இருக்கும் இடியப்பப் பைக்கற்றுக்கு வரி இல்லை. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் சொதியும் சம்பலுமாகக் கட்டித் தரும் இடியப்பத்துக்கு உண்டு. யாரும் பிழை விடவில்லை, சட்டம் விற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறது.

நாலு டொலர் விதி

ஒன்ராறியோவில் உழைப்பாளிகளுக்கு மிகவும் உதவும் விதி இது. பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. உடனே சாப்பிட ஆயத்தமான உணவும் பானமும், வரிக்கு முந்தைய மொத்தம் 4.00 டொலருக்கு மேல் போகாவிட்டால், மாகாணத்தின் 8 வீதம் இல்லை. 5 வீதம் மட்டும் கட்டினால் போதும். 2010க்கு முன் மாகாணம் தனியாக வரி வாங்கிய காலத்திலும் நாலு டொலர் வரைக்கும் சாப்பாட்டுக்கு விலக்கு இருந்தது. அதையே எச்.எஸ்.ரியிலும் தொடர்ந்தார்கள். நாலு டொலர் என்ற எல்லையை மட்டும் உயர்த்தவில்லை. விலைவாசி போன போக்கைப் பார்த்தால், இதை உயர்த்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் வேலைக்கு ஓடும்போது ஒரு தேத்தண்ணியும் ஒரு கடியும் இதற்குள் அடங்குவது இப்போது கஷ்டமாகிவிட்டது.

அடங்கும்போது எப்படி வரும் என்று பாருங்கள். ஒரு மட்டன் ரோல்ஸ் 2.00, தேத்தண்ணி 1.75. மொத்தம் 3.75, வரி 19 சதம், கொடுக்க வேண்டியது 3.94. இரண்டு ரோல்ஸ் எடுத்தால் 5.75. எல்லை தாண்டிவிட்டது, அதனால் முழுத் தொகைக்கும் 13 வீதம். தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வரி 75 சதம், மொத்தம் 6.50. சரியாக 4.00 வந்தால் வரி 20 சதம். 4.01 வந்தால் 52 சதம்.

இரண்டு பேர் சேர்ந்து போனால் தனித்தனியாகச் சொல்லி, தனித்தனியாகக் கட்டுங்கள். அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் கட்டுவதில் எந்தக் குற்றமும் இல்லை. சிப்ஸோ சோடாவோ மட்டும் தனியாக வாங்கினால் இந்த விதி உதவாது, விலை இரண்டு டொலராக இருந்தாலும் 13 வீதம்தான். மதுவுக்கும் இல்லை.

சின்னக் கடைகள் சிலவற்றில் கல்லா இயந்திரத்தை இந்த 5 வீதத்துக்குச் சரியாகப் பழக்கியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் 13 போட்டுவிடும். மரியாதையாகக் கேட்டால் சரிசெய்து தருவார்கள், பலருக்குத் தெரியாமல்தான் நடக்கிறது. "அண்ணை, நாலு டொலருக்குக் குறைவுதானே, அஞ்சு வீதம்தானே வரும்" என்று சொன்னால் போதும். என் அனுபவத்தில் ஒருவரும் கோபித்ததில்லை.

மேசைக்கு வரும் பில்லும் டிப்ஸும்

உணவகத்தில் கொத்துரொட்டி 15.00 என்றால் வரி 1.95, மொத்தம் 16.95. இதன் பிறகு அட்டை இயந்திரத்தை நீட்டுவார்கள். அதில் 15, 18, 20 வீதம் என்று டிப்ஸ் கேட்கும். பல இயந்திரங்கள் வரி சேர்ந்த தொகைக்கு இதைக் கணக்கிடும். 16.95க்கு 15 வீதம் 2.54. உங்கள் சாப்பாட்டு விலையான 15.00க்கு என்றால் 2.25. தொகையை நீங்களே அடிக்கும் வசதியும் அந்த இயந்திரத்தில் இருக்கும். நீங்களாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்கு வரி இல்லை. பெரிய கூட்டமாகப் போகும்போது கடையே கட்டாயமாகப் போடும் சேவைக் கட்டணத்துக்கு வரி உண்டு. பில்லில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இயந்திரத்தைத் தொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை கொடுத்துவிடுவீர்கள்.

கைப்பேசிச் செயலியில் சாப்பாடு வரவழைத்தால் சாப்பாட்டுக்கு மட்டும் அல்ல, அவர்கள் போடும் சேவைக் கட்டணத்துக்கும் வரி வரும்.

கூப்பனைப் பற்றியும் ஒரு சொல். கடையே விலையைக் குறைத்தால் குறைத்த விலைக்குத்தான் வரி. தயாரித்த கொம்பனியின் கூப்பனைக் கொடுத்தால் முழு விலைக்கும் வரி போட்டுவிட்டு, பிறகுதான் கூப்பன் தொகையைக் கழிப்பார்கள்.

இன்னொன்று. 2024 டிசம்பர் 14 முதல் 2025 பெப்ரவரி 15 வரை உணவகச் சாப்பாடு, சிப்ஸ், இனிப்பு என்று பலவற்றுக்கும் நாடு முழுக்க இந்த வரியை நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் வந்த சொந்தக்காரர் "ஹோட்டல் சாப்பாட்டுக்கு வரியே இல்லை" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது அப்போது உண்மை. அது முடிந்துவிட்டது.

வீட்டுச் சமையல் பார்சலும் விசேஷச் சாப்பாடும்

புதிதாக வந்தவர்களில் பலர் முதல் வருடம் வீட்டில் சமைத்துக் கொடுக்கும் யாராவது ஒரு அக்காவிடம்தான் சாப்பாடு எடுப்பார்கள். அவர் வரி கேட்கிறாரா, கேட்கலாமா? வரி உள்ள விற்பனை தொடர்ந்து நாலு காலாண்டில் 30,000 டொலரைத் தாண்டாத சிறு வியாபாரி எச்.எஸ்.ரிக்குப் பதிய வேண்டியதில்லை. பதியாதவர் வரி வாங்கவும் முடியாது. அவர் சொல்லும் விலைதான் முழு விலை. பதிந்தவரானால் அவருக்கு ஒன்பது இலக்கமும் அதன்பின் ஆர்.ரி என்ற எழுத்துகளும் உள்ள இலக்கம் இருக்கும். பற்றுச்சீட்டில் அந்த இலக்கம் இல்லாமல் ஒருவர் வரி என்று காசு வாங்கினால் இலக்கத்தைக் கேளுங்கள். கனடா வருமான முகவரகத்தின் இணையத்தளத்தில் அது உண்மையானதா என்று யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், அந்தியேட்டி என்று நூறு பேருக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்தால் 13 வீதம் கட்டாயம் வரும். கேற்றரிங் ஒப்பந்தத்தில் கொடுக்கும் சாப்பாட்டில் பாணுக்கும் பழத்துக்கும்கூட விலக்கு இல்லை. ஆளுக்கு இத்தனை டொலர் என்று பேசும்போதே "வரியோடா, வரி இல்லாமலா" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 2,000 டொலர் என்று பேசி முடித்துவிட்டு, விழாவுக்கு முதல் நாள் 260 டொலர் கூடுதலாகக் கேட்டு மனக்கசப்பு வந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

பிழையாக வரி போட்டுவிட்டால்

பற்றுச்சீட்டோடு அதே கடைக்குப் போங்கள். வாடிக்கையாளர் சேவை மேசை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கல்லாவில். வரி இல்லாத சாமானுக்கு வரி போட்டிருந்தால் அவர்கள் திருப்பித் தரலாம். கடை தர மறுத்தால் ஜி.எஸ்.ரி 189 என்ற படிவத்தில், கட்டிய நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் கனடா வருமான முகவரகத்திடம் கேட்கலாம். பத்துச் சதத்துக்கு யாரும் படிவம் நிரப்பப்போவதில்லை. ஆனால் விசேஷச் சாமான் வாங்கும்போது பிழை பெரிய தொகையாக வரலாம், அப்போது இது உதவும்.

கட்டிய வரியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்குங்கள்

காசாளராக நின்ற காலத்தில் என்னை அதிகம் வருத்தியது, தமக்கு உரியது இருக்கிறது என்று தெரியாமல் வருடக்கணக்கில் வாங்காமல் விட்டவர்கள்தான். குறைந்த வருமானமும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானமும் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.ரி கிரெடிட் என்று வருடத்தில் நாலு தடவை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபரில் மத்திய அரசு காசு அனுப்புகிறது. மாகாணத்தின் பங்கு ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவுக்குள் வரும். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு காட்ட வேண்டியதில்லை. நீங்கள் எவ்வளவு வரி கட்டினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வருமானத்தையும் குடும்ப அளவையும்தான் பார்ப்பார்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் சமூகக் காப்புறுதி இலக்கத்தை எடுங்கள், எல்லோரும் சின் நம்பர் என்று சொல்வது. அடுத்து, முதல் வருமான வரிப் பத்திரம் கொடுக்கும் காலம் வரைக்கும் காத்திருக்காமல், வந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு ஆர்.சி 151 என்ற படிவம். பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பிள்ளைக் கொடுப்பனவுக்கான ஆர்.சி 66 படிவத்தோடு, புதிதாக வந்தவர்களுக்கான அதன் இணைப்பையும் நிரப்பினால் ஜி.எஸ்.ரி கிரெடிட்டும் அதோடு சேர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் வருமான வரிப் பத்திரத்தைக் கொடுங்கள். வருமானம் பூச்சியமாக இருந்தாலும் கொடுங்கள். கணவன் மனைவி இருவரும் கொடுங்கள். "எனக்கு வேலையே இல்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் காசு முக்கியமாக உரியது. பத்திரம் கொடுக்காவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடும். ட்ரில்லியத்துக்குள் வாடகைக்கு உரிய பங்கும் வேண்டும் என்றால், பத்திரத்தோடு ஒன்-பென் என்ற படிவத்தையும் சேர்க்க வேண்டும்.

நிரப்பத் தெரியாவிட்டால், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகப் பத்திரம் நிரப்பித் தரும் முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும். போகும்போது சின் இலக்கம், கனடாவுக்கு வந்த திகதி, அந்த வருடத்தில் வருவதற்கு முன் ஊரில் பெற்ற வருமானம், வீட்டு வாடகை எவ்வளவு கட்டினீர்கள் என்ற கணக்கு ஆகிய நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.